அழித்த பதினோரு புள்ளிகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவில் சூரியக் காற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஒரு சூரியப் புயலின்போது விண்கலம் அளந்த வெப்பநிலையை, மணிக்கு ஒரு புள்ளியாக வரைபடத்தில் குறிப்பது என் வேலை. புயலின் முகப்பில் அதிர்ச்சி அலை மோதியதும் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் கொண்ட வாயு, கொதித்திருந்தது. அதன் பின்னால் வந்த, சூரியன் உமிழ்ந்த வாயு மேகத்திலோ பதினோரு புள்ளிகள் அதலபாதாளத்தில் கிடந்தன. கருவிக் கோளாறு என்று நானே முடிவுகட்டி அவற்றை நீக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

என் வழிகாட்டி கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அந்த வரைபடத்தோடு அவர் பம்பாய் மாநாட்டுக்குக் கிளம்பிய அன்று காலையில்தான் வேகப் பட்டியலைப் பார்த்தேன். மேகத்தின் முன்பகுதி வேகமாகவும் வால் மெதுவாகவும் போயிருந்தன. அப்படியென்றால் மேகம் போகப் போக விரிகிறது. விரிகிற வாயு குளிரத்தானே செய்யும்? அந்தப் பதினோரு புள்ளிகளும் உண்மையானவை.

வேகமும் வெப்பநிலையும் இருந்த அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஹவுரா ஸ்டேஷனுக்கு பஸ் ஏறினேன். ஊர்வலத்தால் ஹவுரா பாலத்துக்கு முன்பே பஸ் நின்றுவிட்டது. இறங்கிப் படகுத்துறைக்கு ஓடி, கிளம்பிய படகில் தாவினேன். "ஆஸ்தே, திதி!" என்று படகுக்காரர் வங்காளத்தில் கத்தினார்; மெதுவாக, அக்கா என்று அர்த்தம்.

ஸ்டேஷனில் என் வழிகாட்டி ரயில் பெட்டியின் வாசலில் நின்றிருந்தார்.

"சார், பதினோரு பாயிண்டை நான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா? யாரைக் கேட்டு?"

"இன்ஸ்ட்ருமெண்ட் எரர்னு நெனச்சேன். இல்ல சார். மேகம் விரிஞ்சுதான் குளிர்ந்திருக்கு."

"நாளன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி இதைக் காட்டணும். புரியறதா உனக்கு?"

அவர் பட்டியலை வாங்கிப் படித்தார். முகம் சிவந்திருந்தது. விசில் ஊதினார்கள். பையிலிருந்து, மாநாட்டில் திரையில் காட்ட வரைபடம் வரைந்திருந்த கண்ணாடித் தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

"போடு."

பிளாட்பாரத்தில் கிடந்த யாருடைய டிரங்குப் பெட்டிமீதோ தாளை வைத்துக் குறித்தேன். ஒன்பதாவது புள்ளியில் வண்டி நகர்ந்தது. கூடவே ஓடி, தாளையும் பட்டியலையும் அவர் கையில் திணித்தேன்.

"இன்னும் ரெண்டு இருக்கு சார்!"

"நான் போட்டுக்கறேன், ஓடாதே!"

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தவர் என் மேஜையருகே நின்றார்.

"யார் எடுத்தா, ஏன் எடுத்தா, எல்லாத்தையும் மேடையிலயே சொல்லிட்டேன்."

எனக்கு முகம் எரிந்தது. "எல்லாரும் என்ன சொன்னா சார்?"

"எல்லாரும் சிரிச்சா. அப்புறம் ஒரு மணி நேரம் அந்தப் பதினொண்ணைப் பத்தித்தான் பேசினா."

அடுத்த புயலின் எண்கள் அச்சான காகிதக் கட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அதைப் பிரிக்க எனக்கு மறுநாள்தான் தைரியம் வந்தது.