எஸ்தர் வாங்கிய படகு

கைப்பேசித் திரையில் எஸ்தரின் பெயர் வந்ததால், "சொல்லுங்க டீச்சர்" என்றுதான் ஆரம்பித்தேன். பேசியது அவருடைய கணவர் தேவராஜ். "எஸ்தர் போய்ட்டா டீச்சர். விடியக்காலைல நெஞ்சு வலின்னா, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூடத் தாங்கல" என்றார். காலாண்டுத் தேர்வு விடைத்தாள் ஒன்று என் முன்னால் பாதி திருத்தியபடி கிடந்தது. அதன் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதிவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

செங்கல்பட்டில் எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு எஸ்தரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கழுத்தில் விசிலும் கையில் வருகைப் பதிவேடுமாக மைதானத்தில் நின்ற பி.டி. டீச்சர். இரங்கல் கூட்டத்தில் பேசிய ஒவ்வொருவரும் அவருடைய படகுக் கதையைச் சொன்னார்கள். படகின் துளையை அடைக்க மறந்து பிள்ளைகளோடு தண்ணீருக்குள் போன கதை. கூட்டம் அழுகைக்கு நடுவே சிரித்தது. இரண்டாம் வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அது எனக்குத் தெரியும். எழுந்து சொல்லவில்லை. நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அதைச் சொல்வதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

படகு வாங்கும் எண்ணத்தை அவர் ஆசிரியர் அறையில் வெளியிட்ட நாள் நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்கூட்டர் வாங்கவே இரண்டு வருடம் யோசிக்கும் வீடுகள் எங்களுடையவை. "படகா? எதுக்கு, மீன் புடிக்கவா?" என்று யாரோ கேட்டார்கள்.

"சும்மா உக்காந்து சுத்திப் பாக்க" என்றார் எஸ்தர். "எங்கப்பா வாழ்நாள் பூரா ஏரியில மண்ணு வெட்டினாரு, அடுத்தவங்க கழனிக்கு மடை தொறந்தாரு. தண்ணில வேலையில்லாம ஒரு நாள் உக்காந்தது கெடையாது. என் புள்ளைங்க உக்காரட்டும்."

அன்று மாலை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். புதுப்பட்டினத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு விலைக்கு இருக்கிறது, பார்க்க வர வேண்டும் என்றார். எனக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்றேன். "நீங்க எதையும் நம்ப மாட்டீங்க டீச்சர். அதுக்குத்தான் கூப்பிடறேன். நான் ஆசையில போறவ, எல்லாத்தையும் நம்பிடுவேன்."

படகு மணலில் கவிழ்ந்து கிடந்தது. புது நீலப் பெயின்ட். விற்கிறவர் முருகேசன் என்ற மீனவர். எங்களைப் பார்த்ததும், "இன்னா டீச்சரம்மா, ரெண்டு பேரும் கடலுக்குப் போகப் போறீங்களா?" என்று சிரித்தார்.

"பெயின்ட் ஏன் புதுசா இருக்கு?" என்றேன்.

"பொண்ணு பாக்க வரப்ப பவுடர் போடாம உக்காரச் சொல்றியாம்மா?"

நான் விரல் முட்டியால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் சத்தம் மந்தமாக இருந்தது. பழைய ஒட்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். பிறகு படகை நிமிர்த்தி, ஒரு பக்கம் கட்டை கொடுத்து, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். வெளியே ஒழுகுகிறதா என்று கால் மணி நேரம் குனிந்து பார்த்தோம். ஒழுகவில்லை. முருகேசன் பின்பக்கத்தில் அடியில் இருந்த ஒரு பித்தளை அடைப்பானைத் திருகி எடுத்தார். கட்டைவிரல் கனமுள்ள துளை. உள்ளேயிருந்த தண்ணீர் முழுக்க அதன் வழியே ஓடியது.

"கரையில கெடக்கறப்ப இத்த எடுத்துடணும், மழத்தண்ணி வடியறதுக்கு. தண்ணில எறக்கறதுக்கு முன்னாடி போட்டுடணும். மீதி எத்த மறந்தாலும் இந்தப் பிளக்கை மட்டும் மறந்துடாதீங்கம்மா."

என் மகள் வித்யா நச்சரித்ததால் நானும் படகில் பங்கு சேர்ந்தேன். புதுப்பட்டினத்துக்கு மேற்கே கால்வாய் அகன்று உப்பங்கழியாகக் கிடக்கும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அதை இறக்குவோம். எஸ்தருக்கும் எனக்கும் நீச்சல் தெரியாது. பிள்ளைகள் மூவருக்கும் தெரியாது. அவருடைய இரண்டு மகன்களுக்கும் வித்யாவுக்குமாக மூன்று லாரி டியூப் வாங்கி வைத்தேன். அலை இல்லாத தண்ணீர்தான். ஆனாலும் ஞாயிறு காலையில் டியூப்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். துளையை அடைப்பது என் பொறுப்பு. துடுப்பைக் கையில் எடுக்கும்போது எஸ்தர், "பிளக் போட்டாச்சா?" என்பார். ஒருமுறை கூட, "நான் பாக்கறேன்" என்று சொன்னதில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டில் ஸ்கூட்டர் சாவியை, அரிவாள்மனையை, என் பேனாவைப் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம், குங்குமம் இடுவது வழக்கம். "படகுக்கு வைக்க வேணாமா? அதுக்குச் சாவி இல்லையா?" என்று என் மாமியார் கேட்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மறுத்துப் பேசுவதைவிட எடுத்து வருவது சுலபம். சாவி இல்லாத வண்டிக்கு அடைப்பான்தான் சாவி என்று எண்ணி, முந்தின நாள் மாலை போய்ப் படகிலிருந்து அதை எடுத்து வந்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியன்று எடுத்துத்தான் புழங்க வேண்டும். விஜயதசமியன்று பள்ளிக்கும் விடுமுறை. படகில் போவதாக ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். ஒரு டியூப் காற்று இறங்கிக் கிடந்தது. அதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே மற்ற இரண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பேனாவை ஞாபகமாகப் பையில் செருகினேன்.

"பிளக் போட்டாச்சா?" என்றார் எஸ்தர். "போட்டாச்சு" என்றேன். பல ஞாயிறுகள் சொல்லிப் பழகிய வார்த்தை. குனிந்து பார்க்கவில்லை.

கழியின் நடுவே வந்திருப்போம். "அம்மா, என் செருப்பு மிதக்குது" என்றாள் வித்யா.

பின்பலகைக்கு அடியில் சாப்பாட்டுப் பை இருந்தது. அதைத் தள்ளியதும் துளை தெரிந்தது. தண்ணீர் ஊற்றுப்போல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பூஜையறை அப்படியே என் கண் முன்னால் வந்தது. எஸ்தர் என்னை ஒரு முறை பார்த்தார். கைக்குட்டையைச் சுருட்டித் துளைக்குள் திணித்து, அதன்மேல் குதிகாலை ஊன்றி உட்கார்ந்தார். பிறகு ஒரு டியூபை எடுத்து வித்யாவின் தலைவழியாக மாட்டினார். மற்றதைத் தன் சின்ன மகனுக்கு மாட்டினார். பெரியவன் சாமுவேலுக்கு எதுவும் இல்லை. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

"நீதான்டா ரெஃப்ரி. ரெண்டு டீம். டிபன் பாக்ஸ் மூடியால தண்ணிய மொண்டு வெளிய ஊத்தணும். யாருது ஜாஸ்தின்னு எண்ணணும். அழுவறவங்க அவுட்டு. டீச்சர், நீங்க வலிங்க."

நான் துடுப்பு வலித்தேன். விசில் ஊதிக்கொண்டேயிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். "ஆன்ட்டி, இவன் கள்ளாட்டம் ஆடறான்!" என்று வித்யா கத்தினாள். நான் கரையைப் பார்க்கவில்லை, சாமுவேலைத்தான் பார்த்தேன். மூன்று பிள்ளைகள், இரண்டு டியூப் என்று மனம் திரும்பத் திரும்ப எண்ணியது. எஸ்தர் ஊன்றிய குதிகாலை எடுக்காமலே எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று எங்களோடு வந்து கரையில் நின்றிருந்த தேவராஜ் முழங்கால் தண்ணீருக்குள் ஓடி வந்தார். "இன்னா எஸ்தரு, இன்னா ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் சொல்லிவிட்டார்: "நான்தான் பிளக் போட மறந்துட்டேன்."

"அறிவு கீதா உனக்கு? மூணு புள்ளைங்கள வெச்சிகினு!" எல்லோர் முன்னாலும் அவர் திட்டினார். எஸ்தர் புடவையைப் பிழிந்துகொண்டு நின்றார்.

திரும்பி வரும் பேருந்தில் பிள்ளைகள் தூங்கிய பிறகு, முன்னிருக்கையில் இருந்த தேவராஜுக்குக் கேட்காமல், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பழி உங்க மேல விழுந்தா, உங்க வீட்டுல வித்யாவ அப்பறம் தண்ணிப் பக்கமே விட மாட்டாங்க. என் மேல விழட்டும். எனக்குப் பழக்கம்தான்" என்றார்.

கதை பள்ளிக்கு வந்து சேர்ந்தது. 'ஓட்டைப் படகு எஸ்தர்' என்று பெயர் வைத்தார்கள். மாணவிகளுக்கும் தெரிந்தது. விளையாட்டு விழாவில் மேடையிலேயே கேலி செய்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் சிரித்தார். ஒருமுறையும் என் பக்கம் திரும்பவில்லை. நாளை சொல்லிவிடலாம் என்று நான் பத்து வருடத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய தைரியம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஒரு வாக்கியம் போதும்.

படகில் தண்ணீர் ஏறிய அந்த நாளுக்கு மறு வாரமே அடைப்பானை அவரிடம் கொண்டு போனேன். அதற்குள் முருகேசனிடம் வேறொன்று வாங்கி, நைலான் கயிற்றால் படகோடு சேர்த்துக் கட்டியிருந்தார். பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருகு மரைக்குள் குங்குமம் ஒட்டியிருந்தது. "சாமிகிட்ட வெச்சதாச்சே டீச்சர், உங்ககிட்டயே இருக்கட்டும். நாங்க சர்ச்சுக்கு எடுத்துட்டுப் போனா ஃபாதர் ஒரு மாதிரி பாப்பாரு" என்று சிரித்தார். அடுத்த ஞாயிறு மறுபடி தண்ணீரில் இறக்கினோம். "பிளக் போட்டாச்சா?" என்று அதே குரலில் என்னைத்தான் கேட்டார். பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. சாமுவேல் கல்லூரிக்குப் போகும்வரை அந்தப் படகு எங்களிடம் இருந்தது.

வித்யா இப்போது நாவலூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அவளிடமும் நேற்றுதான் சொன்னேன். தொலைபேசியில் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அன்னிக்கு சாமுவேலுக்கு டியூப் இல்லல்லம்மா?" என்றாள். அதை அவள் ஞாபகம் வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

எஸ்தரிடமிருந்து என்னிடம் தங்கியவை இரண்டு. ஒன்று, யார் எதைக் கேட்டாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லும் பழக்கம். மற்றொன்று, குங்குமம் ஒட்டிய அந்தப் பித்தளை அடைப்பான். இந்த மலர் அச்சாகி வருவதற்குள் தேவராஜை நேரில் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அவர் என்ன சொல்வார் என்று பயமாக இருக்கிறது. எஸ்தரை அன்று அவ்வளவு திட்டியவர். காலை ஏழு மணிப் பேருந்துக்குக் கிளம்பி நிற்கிறேன். அடைப்பானைப் பையில் வைத்தாயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனாலும் திறந்து, கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது.