மடுவத்து வாசலில் பிரேக் மாற்றிய நாள்

கர்ர்ர்... என்று இரும்போடு இரும்பு உரசும் சத்தம். கூடவே ஒரு தீய்ந்த வாசம். பலாங்கொடைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் எங்கள் பழைய கார் அப்படி அழுதுகொண்டேதான் இறங்கும்.

அப்போது நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இவர் ஃபேக்டரியில் கிளார்க். மகள் வயிற்றில், ஏழு மாதம். மறுநாள் டவுனில் ஸ்கேன். மழையில் ரோடு கெட்டு பஸ் பாதி வழியோடு திரும்பிக்கொண்டிருந்தது. காரில்தான் போயாக வேண்டும்.

பிரேக் பேட் முழுசாகத் தேய்ந்து, டிஸ்க்கையும் தின்றுவிட்டிருந்தது. கராஜோ மலைக்குக் கீழே. பிரேக்கைச் சரி செய்யக் கீழே போக வேண்டும்... கீழே போக பிரேக் வேண்டும். எப்படி யோசித்தாலும் எனக்கு இது பிடிபடவேயில்லை.

"நாமளே மாத்திருவோம். வீடியோ பாத்துட்டேன்" என்றார் இவர்.

புது பேட்டும் புது டிஸ்க்கும் பாதி வழி பஸ்ஸிலும், மீதி வழி இவர் தோளிலும் வந்து சேர்ந்தன.

தோட்டத்தில் சமதரை என்றால் கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசல் மட்டும்தான். கொழுந்து லொறி வருவதற்குள் முடித்தாக வேண்டும். நான் ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அதில் இருந்ததோ வேறு கார்! எந்த பேட் உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்பதிலேயே இருவருக்கும் சண்டை. புது பேட் தடிப்பு, நுழையவில்லை. பிஸ்டனைப் பின்னால் தள்ளி ஒருவழியாக மாட்டினார்.

"ஏறி மிதிச்சுப் பாரு."

மிதித்தேன்.

"ஏங்க, கால் தரையில போய் முட்டுதுங்க!"

"சும்மா சொல்லாத."

"நீங்களே வந்து மிதிங்க!"

எல்லாமே புதுசு... ஆனால் பிரேக் இல்லை. முன்பாவது அழுதுகொண்டே நின்றதே!

கொழுந்து மூட்டையை இறக்கிவைத்த மாரியக்கா எட்டிப் பார்த்தார். எங்களுக்குப் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருப்பவர்.

"சாரும் டீச்சரும் மாட்டுன பிரேக்குல்ல... பரீட்சை வச்சாத்தான் புடிக்கும் போல!"

பெண்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. தூரத்தில் லொறி ஹாரன் கேட்டதும் இவர் பதறிப்போய் மறுபடி சக்கரத்துக்குள் கையை விட்டார். நான் சீட்டில் உட்கார்ந்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் மிதித்தேன், மிதித்தேன், மிதித்துக்கொண்டே இருந்தேன்... திடீரென்று பெடல் கட்டை மாதிரி இறுகி நின்றது.

"ஒரு போல்ட் லூஸா இருந்துச்சு. இறுக்கிட்டேன். ஹரி, ஹரி" என்றார். நிச்சயமில்லாதபோதெல்லாம் இவர் வாயில் 'சரி'கூட சிங்களத்தில்தான் வரும்.

"ஹரின்னா எப்பிடிங்க? நாளைக்கு நானும் புள்ளையும்ல இதுல எறங்கணும்!"

மாரியக்கா சேலையை இழுத்துச் செருகினார்.

"அப்ப ஓட்டிப் பாத்துருவோம். ஏய், ஆளுக்கொரு கல்லை எடுங்கடி! நிக்கலன்னா சக்கரத்துக்குப் போட்டுருங்க."

இவர் சரிவில் மெல்ல இறக்கினார். காரின் இரண்டு பக்கமும் கையில் கல்லோடு பெண்கள் நடந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால். கீழ் வளைவில் காத்திருந்த லொறி டிரைவர் தலையை நீட்டி, "மே மொகத, பெரஹெரக்த?" என்றார். இதென்ன, ஊர்வலமா என்கிறார். அப்படித்தான் இருந்தது.

"சார், நிப்பாட்டுங்க!"

கார் நின்றது. சத்தமே இல்லாமல்...

ஒருத்தரும் கல்லைக் கீழே போடவில்லை. "இன்னொரு தரம் சார். டீச்சர் மூஞ்சி இன்னும் தெளியல" என்றார் மாரியக்கா. என் முகம் தெளியும்வரை நிறுத்தி நிறுத்தி இறங்கினோம். மறுநாள் பயமில்லாமல் ஸ்கேனுக்குப் போனேன்.

பிஸ்டனைப் பின்னால் தள்ளிவிட்டால், பிறகு பல தடவை மிதித்தால்தான் பிரேக் ஏறும் என்று பிறகு எங்கோ படித்தேன். இவர் இன்றைக்கும் "நான் இறுக்குன போல்ட்டு" என்கிறார். எது சரி என்று எனக்கு இன்னும் தெரியாது.

இப்போது இருப்பது இரத்தினபுரியில். அடுத்த தெருவிலேயே கராஜ். இன்று பேட், டிஸ்க் எல்லாம் மாற்றிவிட்டு, "ஹரி நோனா" என்று, சரி மேடம் என்பதுபோல் சாவியை நீட்டினார் கராஜ்காரர். அவ்வளவுதான்.

நல்ல வேலைதான், தெரியும். ஆனாலும் ஸ்டார்ட் செய்துவிட்டு மிதித்தேன், மறுபடி மிதித்தேன். "அம்மா, போகலையா?" என்றாள் பின் சீட்டிலிருந்து மகள்.

இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தேன். ரோடு நிறைய ஆட்கள்...

யார் கையிலும் கல் இல்லை.