ஃப்ரீசருக்குள் வைத்த வீட்டுச் சாவி

எல்ஸ்பா என் அக்கா மகள். அவள் அப்பா மேட்டுவீட்டுக்காரர். அந்த வீட்டுக்குக் கனத்த குரல் என்று பேர். அவருடைய தாத்தா எங்கள் படகுத்துறையில் நின்று கூப்பிட்டால் கடலுக்கு அந்தப் பக்கம் ஆடு பார்க்கிறவன் திரும்பிப் பார்ப்பானாம். அந்தக் குரல் நடுவில் இரண்டு தலைமுறை ஆண்பிள்ளைகளைத் தாண்டி எல்ஸ்பாவிடம் வந்து சேர்ந்தது.

இருபத்தாறு வருடம் அவள் மீன் ஆலையில் நின்று காட் மீனைத் துண்டு போட்டாள். ஐம்பத்து மூன்று வயதில் வலது தோள்பட்டை போய்விட்டது. கத்தியைப் பிடித்தால் கை நடுங்குகிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார், இனி அந்த வேலை ஆகாது என்று. எங்கள் தெற்குத் தீவில் மீனை விட்டால் வேறு என்ன வேலை இருக்கிறது? டென்மார்க்கில் இருக்கும் தங்கை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், முதியோர் இல்லத்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்று. புருஷன் தானியல் கிரீன்லாந்துப் பக்கம் போகிற கப்பலில் இருக்கிறான், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். அவன் வரும்போது வீடு பூட்டிக் கிடக்க வேண்டுமா என்பது எல்ஸ்பாவின் கவலை.

மிச்சம் இருந்தது குரல்தான். எங்கள் ஊருக்குப் போதகர் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் எல்ஸ்பாதான் நின்று பிரசங்கத்தை வாசிப்பாள். கண் தெரியாதவர்களுக்குப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற அலுவலகம் ஒன்று தலைநகர் தோர்ஷாவ்னில் இருக்கிறது. ஒரு சாவுக்கு வந்திருந்த யாரோ இவள் வாசிப்பதைக் கேட்டு அங்கே சொல்லிவிட்டார்கள். மாதிரிக்கு ஓர் அத்தியாயம் அனுப்பச் சொன்னார்கள். அது தேறினால் புத்தகம் முழுவதும் அவளுக்கு, பிறகு வருடத்துக்கு மூன்று நான்கு புத்தகம். ஊரை விட்டுப் போக வேண்டாம்.

அந்த அலுவலகத்தில் ஒலியைக் கேட்டுத் தேறும், தேறாது என்று சொல்கிறவள் ரன்வா என்ற பெண். அவள் பாட்டியும் என் அம்மாவும் ஒன்றுவிட்ட சகோதரிகள். அந்த உறவு இந்தக் கதையில் ஒன்றுக்கும் உதவவில்லை.

தோர்ஷாவ்னுக்குப் போய் அவர்கள் அறையிலேயே வாசித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கப்பலில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், ராத்தங்கல். கூலியில் பாதி கடலோடு போகும். அதனால் வீட்டிலேயே பதிவு செய்வது என்று முடிவு. தேவாலயத்தில் புதிது வாங்கியபோது கழித்துப் போட்ட மைக்கை அறுநூறு குரோனாவுக்குக் கேட்டு வாங்கினாள். மகனுடைய பழைய கணினி இருந்தது. அதற்கு மேல் ஒரு குரோனா செலவழிக்க மாட்டேன் என்றாள்.

முதல் முறை சமையலறையில் உட்கார்ந்து வாசித்து அனுப்பினாள். ரன்வா போனில் கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"எல்ஸ்பாக்கா, குளியல் தொட்டிக்குள்ள உக்காந்து படிச்சீங்களா?"

"சமையக்கட்டுலதாம்மா படிச்சேன்."

"சுவரெல்லாம் திருப்பிப் பேசுது. அது இருக்கட்டும், ஏன் இப்படிக் கத்துறீங்க? யாரு கேக்கணும்னு?"

"கடைசி பெஞ்சுல இருக்கிறவங்களுக்கும் கேக்கணுமில்ல?"

"இங்க பெஞ்சே இல்லக்கா. ஒரே ஒரு ஆளு, போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு, காதுல மாட்டிக்கிட்டு கேக்குறாரு. அவருகிட்ட பேசுங்க."

எல்ஸ்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா 'சத்தமா படி, சத்தமா படி'ன்னு சொல்லிச் சொல்லிப் பழக்குனீங்க. இப்ப ஒருத்தி வந்து 'குசுகுசுன்னு படி'ங்கறா."

இரண்டாவது முறை மாடி அறையில், கட்டிலுக்கு மேல் போர்வைகளைக் கூடாரம் போலக் கட்டி, அதற்குள் புகுந்து வாசித்தாள். எதிரொலி போயிற்று, மழை வந்தது. எங்கள் கூரைகளில் ஒரு காலத்தில் புல்தான் இருந்தது, மழை விழுந்தாலும் கேட்காது. தானியலின் அப்பா அதைப் பிடுங்கிவிட்டுத் தகரம் போட்டார். நாள் குறித்து, வானிலை கேட்டு, மழை இல்லாத இரண்டு மணி நேரத்துக்காக ஒன்பது நாள் காத்திருந்தாள். பத்தாவது நாள் மழை இல்லை, காற்று அடித்தது. போர்வைக் கூடாரம் அவள் தலையில் விழுந்தது. விழுந்த சத்தத்தோடு சேர்த்தே ரன்வாவுக்கு அனுப்பிவிட்டாள், அத்தனை கோபம்.

"கடைசியில ஒரு கெட்ட வார்த்தை இருக்கே, அது புத்தகத்துல இருக்கா?" என்று ரன்வா கேட்டாளாம்.

மூன்றாவதுதான் நிலவறை. கல் சுவர், மேலே ஒரு முழு வீடு, மழை எட்டாது. ஆனால் கல் எதிரொலிக்குமே. ஒலியை உறிஞ்சுகிற பஞ்சுப் பலகைகள் கடையில் கிடைக்கின்றன. விலையைக் கேட்டதும் எல்ஸ்பா சிரித்துவிட்டாள், நல்ல சிரிப்பு இல்லை. அப்போதுதான் போன கோடையில் கத்தரித்த ஆட்டு ரோமம் ஞாபகம் வந்தது. இப்போதெல்லாம் வாங்க ஆளில்லை, எல்லோரும் எரித்துவிடுகிறோம். எரிக்காமல் போட்டிருந்த மூட்டைகளை மூன்று வீட்டில் கேட்டு வாங்கி, சுவர் நெடுக ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். தோள் தூக்க முடியாது என்பதால் ஆணி அடித்தது நான். எழுபத்தொன்பது வயதில் எனக்கு வந்த உத்தியோகம் அது. கழுவாத ரோமம், ஆட்டு நாற்றம் தலையில் ஏறியது. ஆனால் உள்ளே நின்று பேசினால் சத்தம் பனியில் விழுந்தது போல அடங்கிவிடும். நாங்கள் இருவரும் ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தோம்.

ரன்வா கூப்பிட்டாள்.

"குரல் பிரமாதம்க்கா. ஆனா அடியில ஒரு ரீங்காரம் ஓடிக்கிட்டே இருக்கு. ஃப்ரீசர் இருக்கா பக்கத்துல?"

இருந்தது. ஒரு பசுமாட்டை நிற்க வைக்கலாம், அவ்வளவு பெரிய பெட்டி. நிலவறைக்கு நடுச்சுவர் கட்டுவதற்கு முன்பே தானியலும் அவன் தம்பி ஹானுஸும் இறக்கி வைத்தது. இப்போது வாசல் வழியாக வெளியே வராது. அதற்குள் எல்ஸ்பாவின் நான்கு ஆடு, ஹானுஸின் மூன்று ஆடு, போன ஆகஸ்டில் கரைக்கு வந்த திமிங்கிலத்தில் இரண்டு வீட்டுப் பங்கு, காட் மீன். ஹானுஸின் சொந்த ஃப்ரீசர் குளிர்காலத்தில் செத்துப்போனதால் அவன் பங்கும் இங்கே வந்திருந்தது. ஹானுஸ் கல்யாணம் ஆகாதவன். அந்தப் பெட்டிதான் அவனுக்குக் குடும்பம்.

"படிக்கிறப்ப மட்டும் அணைச்சு வைங்க," என்றாள் ரன்வா. "ரெண்டு மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது. ஆனா திரும்பப் போட மறந்துடுவீங்க, எல்லாரும் மறப்பாங்க. அதனால வீட்டுச் சாவிய உள்ள போட்டுடுங்க. வெளிய கிளம்பும்போது சாவியத் தேடுவீங்கல்ல, அப்ப ஞாபகம் வந்துடும். இங்க நாங்க எல்லாரும் அப்படித்தான். இன்னொண்ணுக்கா, மே மாசக் கடைசிக்குள்ள தேறலைன்னா இங்க ஒருத்தர் ரெடியா இருக்காரு. அதுக்கு மேல என்னால நிறுத்த முடியாது."

எல்ஸ்பா சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். வீட்டுச் சாவியை அரை நாள் தேடினாள். கடைசியில் மாமியாருடைய பொத்தான் டப்பாவுக்குள் கிடைத்தது, துருப்பிடித்து. மாமியார் செத்துப் பதினோரு வருடம். சாவியை ஃப்ரீசருக்குள் ஆட்டுத்தொடை மேல் வைத்தாள், மின்செருகியைப் பிடுங்கினாள், உட்கார்ந்து வாசித்தாள். கடைசி பெஞ்சை மறந்து, போர்வைக்குள் இருக்கிற ஒருவருக்காக வாசித்தாள். ஒரு தடவை கூடத் தடுமாறவில்லை. மேலே வந்தபோது முகம் சிவந்திருந்தது. அனுப்பிவிட்டு, அதே மத்தியானம் தீவின் வடக்கு முனைக்குக் கிளம்பிவிட்டாள். ஆலையில் கூட வேலை பார்த்தவளின் பேத்திக்கு அந்த ஞாயிறு தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்கு, மூன்று நாள் விருந்து, கேக் செய்ய ஆள் வேண்டும்.

கதவைச் சாத்தினாள். பூட்டவில்லை. எங்கள் ஊரில் யார் கதவைப் பூட்டுகிறார்கள்? நானும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. தோர்ஷாவ்ன்காரிக்கு அது தோன்ற நியாயமே இல்லை.

நான்காம் நாள் ஹானுஸ் தனக்கு ஒரு தொடை எடுக்க நிலவறைக்குப் போனான். எல்ஸ்பா பேருந்தில் வந்து இறங்கும்போது அவன் வாசற்படியில் நின்றிருந்தான். நானும் நின்றிருந்தேன், நாற்றம் என்னை வரவழைத்தது.

"அண்ணி, விருந்து நல்லா நடந்துச்சா?"

"நடந்துச்சு. ஏன் ரெண்டு பேரும் இப்படி நிக்கிறீங்க?"

ஹானுஸ் உள்ளங்கையை விரித்தான். ரத்தத் தண்ணீர் ஒழுகும் சாவி.

"இது எதுக்கு என் ஆட்டு மேல கெடந்துச்சு?"

எல்ஸ்பா சாவியைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மறக்கக் கூடாதுன்னு வச்சேன்," என்றாள்.

"ஏழு ஆடு, அண்ணி. ஏழு. மலையில ஏறி நான் ஓட்டிட்டு வந்தது. கருப்பு முகத்துக்காரி ஒருத்தி, ரெண்டு வருஷம் பாறையில நின்னு தண்ணி காட்டுனவ. அவளையும் சேத்து."

அக்டோபர் மாதமாக இருந்தால் பலகை இடுக்கில் காற்றுப் புகும் கொட்டிலில் கறியைத் தொங்கவிட்டுப் புளிக்க வைத்திருக்கலாம். மே மாதம் ஈ வந்துவிடும். அன்றைக்கே படகுத்துறைக்கு வண்டி வண்டியாகத் தள்ளிக்கொண்டு போய்க் கடலில் கொட்டினோம். ஹானுஸ் ஒவ்வொரு துண்டையும் பெயர் சொல்லித்தான் எறிந்தான்.

மறுநாள் ரன்வாவிடமிருந்து செய்தி. தேறிவிட்டது. புத்தகம் எல்ஸ்பாவுக்கு. மொத்தம் இருபத்து மூன்று அத்தியாயம், எல்லாம் இதே அமைதியில் இருக்க வேண்டும், ஜூலைக் கடைசித் திருவிழாவுக்கு முன்னால் வேண்டும். எல்ஸ்பா அதைப் படித்துக் காட்டினாள். ஹானுஸ் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அமைதிக்குக் குறைச்சல் இல்லை, ஃப்ரீசர் காலியாகக் கிடந்தது. ஆனால் கடலில் கொட்டிய கறிக்கு மூன்று ஊர்க் கடற்பறவைகளும் கூடிவிட்டன. கறி தீர்ந்த பிறகும் போகவில்லை. தகரக் கூரையில் வரிசையாக உட்கார்ந்து கத்தின. நிலவறையின் சின்ன ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் இறங்கியது. ஜன்னலில் ரோமத்தை அடைத்தோம். அடைத்தால் உள்ளே மூச்சு முட்டியது. பத்து நிமிடம் வாசிப்பாள், மேலே வந்து இருமுவாள், மறுபடி இறங்குவாள். ரோமத்தில் அந்துப்பூச்சி விழுந்தது. ஒரு பூச்சி மைக்கில் உட்கார்ந்ததற்கு ஓர் அத்தியாயம் திரும்பி வந்தது.

"வெட்டுன மீனு எப்பவாவது திரும்பி வந்துச்சா மாமா?" என்று என்னிடம் கேட்டாள். "இருபத்தாறு வருஷத்துல ஒண்ணு கூட வரல. இது தெனம் வருது."

ஜூலை நடுவில் இருபத்தொன்று முடிந்திருந்தது. அன்றைக்குக் காலையில் திமிங்கிலக் கூட்டம் விரிகுடாவுக்குள் வந்துவிட்டது. ஊரே கரைக்கு ஓடியது. சாயங்காலத்துக்குள் அடித்துப் பங்கு பிரித்தாயிற்று, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு வண்டி. கோடையில் அதை வெளியே வைக்க முடியாது. ஃப்ரீசரைப் போட வேண்டும், போட்டால் மறுபடி நிறுத்த ஹானுஸ் விடமாட்டான், அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. இன்னும் இரண்டு அத்தியாயம். எல்ஸ்பா வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மே மாதத்திலிருந்து ஹானுஸ் அவளோடு சரியாகப் பேசியிருக்கவில்லை. அன்றைக்கு வண்டியைத் தன் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். நான் பின்னால் போனேன். கொட்டிலிலிருந்து அவன் அப்பாவின் பீப்பாய் இரண்டை உருட்டி எடுத்தான், கல்லுப்பு மூட்டையைப் பிரித்தான்.

"உப்புக் கறியா?" என்றேன். "சின்ன வயசுல தட்டத் தள்ளிவிட்டுட்டு ஓடுவியே."

"இப்பப் புடிக்கும்."

"எப்பத்துல இருந்து?"

"பெரியவரே, உப்ப எடுத்துக் குடுக்கறதுன்னா குடுங்க. இல்லன்னா வீட்டுக்குப் போங்க."

உப்பை எடுத்துக் கொடுத்தேன்.

புத்தகம் திருவிழாவுக்கு நான்கு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தது. பதினாலாம் அத்தியாயத்தில் ஒரு கடற்பறவை கத்துவது கேட்கிறது. ரன்வா அதை விட்டுவிட்டாள், களைத்துப்போயிருப்பாள்.

அக்டோபரில் ஆடு அறுத்தோம். ஃப்ரீசர் நிறைந்தது. ஹானுஸ் இன்னும் சொந்தமாக ஒன்று வாங்கவில்லை. அடுத்த வாரமே இரண்டாவது புத்தகம் வந்தது, முப்பத்தொரு அத்தியாயம். எல்ஸ்பா நிலவறைப் படியில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஹானுஸ் அதைப் பிடுங்கிப் பொத்தான் டப்பாவுக்குள் போட்டான்.

"அந்தத் தோர்ஷாவ்ன் பொண்ணுக்கு நம்ம ஊரு தெரியுமா? காபி டப்பாவ உள்ள வை அண்ணி. காபி இல்லாம நீ எத்தன மணி நேரம் தாங்குவ?"

"ஒரு மணி நேரம்."

"அப்ப என் ஆடு பொழச்சுக்கும்."

இப்போது வாரத்தில் நான்கு நாள் இதுதான். கீழே அவள் வாசிக்கிறாள். மேலே சமையலறையில் நானும் ஹானுஸும் காலிக் கோப்பையை வைத்துக்கொண்டு, நாற்காலியைக் கூட நகர்த்தாமல் உட்கார்ந்திருக்கிறோம். அவன் கடிகாரத்தைப் பார்க்கிறான். நாக்கு வறண்டு போகிறது. அவள் எங்கோ ஒரு வரியில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள்.