கதையில் வந்த பிபோய்

சமார் தீவின் கடலோரப் பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்துபவள் ஹெர்மினியா. சர்க்கரையில் புரட்டிப் பொரித்த வாழைப்பழத்தைக் குச்சியில் செருகித் தருவாள். வாயும் சும்மா இருக்காது. "சீப்பு கண்ட தலையா இது? வாரிட்டு வா, அப்புறம் தர்றேன்" என்று பிள்ளைகளை விரட்டுவாள்.

ஏழு வருஷத்துக்கு முன் புயல் வெள்ளத்தில் அவளுடைய நாலு வயது மகன் போய்விட்டான். மிஞ்சியவள் மகள் ஜெர்லின், இப்போது பத்தாம் வகுப்பு; அம்மாவை ஊர் வழக்கப்படி 'நானாய்' என்பாள். அந்தப் புயலைப் பற்றி வீட்டில் பேச்சே எழுந்ததில்லை.

அன்று காலை தட்டோடு ஆசிரியர் அறைக்குப் போகும்போது, பத்தாம் வகுப்பு ஜன்னலருகே அவள் கால்கள் நின்றுவிட்டன. உள்ளே, இந்த வருஷம்தான் ஊருக்கு வந்த வில்லாருஸ் டீச்சர் ஒரு சிறுகதை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"'தண்ணீர் கூரையை நக்கியது. பிபோய். பிபோய். பிபோ...' இது உங்கள்ல ஒருத்தர் எழுதினது. வாக்கியமெல்லாம் ஏன் இவ்வளவு குட்டியா இருக்கு?"

"மூச்சு முட்டுது டீச்சர்!"

"தண்ணி ஏன் நக்குது?"

"பசிச்ச மிருகம் மாதிரி. கேட்டாலே பயமா இருக்கு."

பிபோய். ஹெர்மினியா தன் மகனை வீட்டுக்குள் மட்டும் கூப்பிட்ட பெயர்.

"சரி, முடிவைக் கேளுங்க. 'தம்பியைப் பிடித்தேன். பிடித்தேன். பிடித்தேன். பிறகு கையைத் திறந்தேன்.' மூணு தடவை 'பிடித்தேன்'னு சொல்லிட்டு அப்புறம் ஏன்..."

தட்டு தரையில் விழுந்து உருண்டது. ஹெர்மினியா வகுப்புக்குள் நின்றிருந்தாள்.

"நீ திறக்கலடி!"

ஜெர்லின் வெளிறிப்போய் எழுந்தாள். "நானாய், வெளிய போங்க."

"நீ திறக்கவே இல்ல. தென்னையைக் காலால கவ்விக்கிட்டு, ஒரு கையில உன்னைப் பிடிச்சிருந்தேன். அவன் கனத்துல நீயும் நழுவிக்கிட்டிருந்த. உன் விரலை ஒவ்வொண்ணா... நான்தான் பிரிச்சேன்."

டீச்சர் கதைத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"ஏழு வருஷம்," என்றாள் ஜெர்லின். "நான்தான் கொன்னேன்னு ஏழு வருஷமா நெனச்சிக்கிட்டிருந்தேன். உங்களுக்கு வாயில்லையா?"

"நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். நீயாவது மறந்துட்டேன்னு."

ஹெர்மினியா நீட்டிய கையைத் தட்டிவிட்டு மகள் வெளியே ஓடினாள். மூன்று நாள் அவள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டாள், அவ்வளவுதான். நாலாம் நாள் பள்ளி விட்டதும், ஹெர்மினியா எண்ணெய்ச் சட்டியைத் தேய்க்கும் இடத்துக்கு ஜெர்லின் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"என் கை விட்டப்புறம் அவன் கூப்பிட்டானா, நானாய்?"

பொய் சொல்ல ஹெர்மினியாவுக்கு நா எழவில்லை. "கூப்பிட்டான்."

"யாரை?"

"என்னைத்தான்."

ஜெர்லின் சட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.