அரிசிப் பையில் என் பேர்

அந்த அரிசி ஒரே மாதிரி வேகாது. ரேஷன் புழுங்கல், பச்சரிசி, பொன்னி எல்லாம் ஒன்றாகக் கலந்தது... ஒரு பருக்கை குழைந்திருக்கும், இன்னொன்று பல்லில் கடிபடும். விருத்தாசலத்தில் எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டு வைப்பார்கள். பிடி அரிசி என்போம்.

நேற்று ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து அதே ஞாபகம். கோபம் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. பீங்கான் பட்டறையில் ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிர் தட்டும் வேலை. சர்ச்சுக்குப் போகும்போதும் நகக்கண்ணில் வெள்ளை மண் இருக்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு, பெண்கள் எல்லோரும் துணிப்பையோடு வருவோம். ஆராதனை முடிந்ததும், பாய் சுருட்டி வைக்கும் சின்ன அறைக்குள் ஒவ்வொருத்தியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு பெரிய தகர டின். இருக்கிறவள் கொட்டுவாள், இல்லாதவள் அள்ளிக்கொள்வாள். போகும்போதும் வரும்போதும் எல்லார் பையும் முந்தானைக்குள் இருக்கும். கொட்டியது யார், அள்ளியது யார் என்று ஒருத்திக்கும் தெரியாது.

நான் தவறாமல் கொட்டுவேன். கொஞ்சம் திமிரும் உண்டு. ஒரு தடவை டின்னின் அடி தெரிந்ததும் ஐயரம்மாவிடம் போனேன். போதகரின் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"யாரோ ரொம்ப அள்ளிக்கிட்டுப் போறாங்க போலருக்குது ஐயரம்மா. யாருன்னு பாக்கக் கூடாதுங்களா?"

"பாத்து என்னம்மா பண்ணப் போற? போட்டதோட உன் வேல முடிஞ்சுது. வூட்டுக்குப் போ."

அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடவேயில்லை. செய்து வைத்த கட்டைகள் காயவில்லை, சூளை மூட்டவில்லை. மூன்று வாரம் வேலை கிடையாது. அப்பாவுக்கும் அதே பட்டறைதான்.

அடுத்த முதல் ஞாயிறு, காலிப் பையை மடித்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். டின்னில் முக்கால்வாசி அரிசி இருந்தது. அள்ளும்போது அழுகை வந்துவிட்டது...

வெளியே வந்தேன். "கர்த்தர் ஆசீர்வதிப்பாரும்மா" என்றார் ஐயரம்மா. கொட்டிய மாதங்களில் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். கொடுத்ததற்குப் பலன் உண்டு என்று பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்த பலன் அந்தச் சாத்திய கதவுதான்.

இப்போது சர்ச் பெரிதாகிவிட்டது. ஏசி, ஸ்கிரீன், மேடை. இரண்டு குடும்பத்துக்கு அரிசி வாங்கிக் கொடுங்கள் என்று நான் பணம் அனுப்பியிருந்தேன். நேற்று பாஸ்டர், ஒன்று கொடுத்தால் நூறாக வரும், கார் வரும் என்று பிரசங்கித்தார். பிறகு அரிசி வாங்கிக்கொள்ளப் பத்துப் பெண்களை மைக்கில் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். கொடுத்தவர்களையும் கூப்பிட்டார்கள்.

பையின் மேல் என் பேர், கொட்டை எழுத்தில். பக்கத்தில் என் ஃபோட்டோ. அதை வாங்கிக்கொண்டவளின் நகக்கண்ணில் வெள்ளை மண்.

"அக்கா, கொஞ்சம் நிமிருங்க, மூஞ்சி தெரியல" என்றான் படம் எடுத்த பையன்.

அவள் நிமிர்ந்தாள். நான் குனிந்துகொண்டேன்.

கீழே இறங்கியதும் கமிட்டிக்காரரைப் பிடித்தேன். "என்னங்க அநியாயம் இது? அரிசி வாங்குறதுக்கு மூஞ்சிய வேற காட்டணுமா?"

"பேரு போட்டாதான் சிஸ்டர் நாலு பேரு கொடுப்பாங்க. உங்களுக்குத்தானே ஆசீர்வாதம்."

"எனக்கு வர வேண்டியது இருபது வயசுலயே வந்துட்டுதுங்க. பாய் வெக்கிற ரூமு ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?"

"அதுலதான் சவுண்டு மிக்ஸர் வெச்சிருக்கோம்" என்றார் பெருமையாக.

கேட்டுக்கு வெளியே அவள் மங்கலம்பேட்டை பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். என் பேர் வெளியே தெரியாமல் பையைத் திருப்பி இடுப்போடு அணைத்திருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. கடைக்குப் போக வைத்திருந்த துணிப்பையை எடுத்து நீட்டினேன்.

"இதுல மாத்திக்கம்மா."

நான் துணிப்பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டேன், அவள் கொட்டினாள். ஒரே ரகப் பொன்னி, ஒரு கல் கிடையாது. பேர் போட்ட பையை நான் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

பஸ் வந்தது. அவள் துணிப்பையை இடுப்பில் வைத்து, முந்தானையை இழுத்து அதன் மேல் மூடிக்கொண்டு ஏறினாள்.