தலைகீழாய் நின்ற சண்டைக்காரர்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நானும் கணவரும் புலம்பெயர்ந்து வந்த நகரின் ரெக்ஸ்டேல் பகுதியில், ஒரு சின்னப் பிளாசாக் கடைத்தொகுதியில் வீடியோக் கடை வைத்திருந்தோம். கடை அவருடைய பொறுப்பு. வார நாட்களில் நான் ஓர் எலெக்ரோனிக் தொழிற்சாலையில் சர்க்கிற் போர்ட்டுகளுக்கு ஈயம் பற்றவைக்கும் வேலை செய்தேன். சனிக்கிழமைகளில் கடையில் நிற்பேன்.

சனிக்கிழமை என்றால் கடை சந்தை மாதிரி இருக்கும். தாய்மார் படக் கசெற்றுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஒருவரிடம் ஒருவர் கதை கேட்டு, ஒரு படம் தெரிந்தெடுக்க ஒரு மணித்தியாலம் ஆக்குவார்கள். அதற்குள் அவர்களோடு வந்த பிள்ளைகள் வெறும் பெட்டிகளை அடுக்கிக் கோபுரம் கட்டி, அதைக் காலால் உதைத்து விழுத்துவார்கள். "இதுகளுக்கு ஒரு கேம் மெஷின் வாங்கிப் போட்டால் கடை தப்பும்" என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எதையும் நாளைக்குத் தள்ளிவைக்கத் தெரியாத மனிதர். பக்கத்து ஊரான பிறம்ரனில் நிரந்தரமாகப் பூட்டப்போகும் ஒரு பூல் விளையாட்டுக் கூடத்தில் ஒரு மெஷின் மலிவாகக் கிடக்கிறது என்று யாரோ சொல்ல, அன்றைக்கே ஒரு வான் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போய் ஏற்றிவந்துவிட்டார்.

ஆளுயரப் பெட்டி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடிபடும் சண்டை விளையாட்டு. பூல் கூடத்தில் போட்டுப் பார்த்தபோது பளிச்சென்று வேலை செய்தது என்று சத்தியம் பண்ணினார். பின்பக்கப் பலகை மட்டும் இல்லை. அதுதான் வினையாய் முடிந்தது. தள்ளுவண்டியில் வைத்துக் கடைக்குள் பின்பக்கமாக இழுத்தபோது சில்லு வாசற்படியில் இடறியது, பெட்டி சரிந்தது, கதவின் இரும்புப் பிடி திறந்திருந்த முதுகுக்குள் நுழைந்து எதிலோ முட்டியது. மெல்லிய 'டிக்'. அதற்குப் பிறகு நீளமாக ஒரு 'ஸ்ஸ்ஸ்...'

"என்ன சத்தம் உது?" என்றேன்.

"வண்டிச் சில்லுக்குக் காத்துப் போகுது போல."

சில்லு திடமான ரப்பர். அதில் காற்றே இல்லை.

மெஷினை மூலையில் நிறுத்தி, மின்செருகியைச் சுவரில் செருகினோம். பாட்டு வந்தது. அடி விழும் சத்தம் வந்தது, யாரோ 'ஆ' என்று அலறி விழும் சத்தமும் வந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அங்கே நின்ற இரண்டு பிள்ளைகள், அப்படியும் பொத்தான்களை அமத்தி, சத்தத்தை வைத்தே யார் வென்றது என்று வாதாடத் தொடங்கினார்கள்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் என் சிநேகிதிக்கு இதைச் சொன்னேன். மட்டக்களப்புக்காரி, தோழியை அழைக்கும் 'கா' அவள் பேச்சில் ஓயாது. என் வயதுதான். நான் ஈயம் வைக்கும் போர்ட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் மேசை அவளுடையது. 'ஸ்ஸ்ஸ்' என்று நான் செய்துகாட்டியதும் அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டாள்.

"அது படம் காட்டுற ரியூப்ட கழுத்துகா. கழுத்து முறிஞ்சி காத்துப் பூந்திட்டு. ஆள் முடிஞ்சிது."

"வேற ரியூப் போடேலாதோ?"

"போடலாம். நான் போட்டது இல்ல. நீ போட்டிருக்கியா?"

"இல்லை."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவளுடைய கண்ணில் ஒரு பளபளப்பு.  அந்த நிமிடத்திலேயே நாங்கள் முடிவெடுத்துவிட்டோம் என்று நினைக்கிறேன். 

மாற்று ரியூப், அந்தக் கண்ணாடிப் படக்குழாய், பக்கத்துக் கடையிலேயே கிடந்தது. அது ஒரு ஜமேக்காப் பெண்ணின் சலூன். அவருடைய பழைய தொலைக்காட்சியில் படம் வரும், சத்தம் வராது. பல மாதமாக, தலைமயிர் பின்னிக்கொண்டே, நாடகத்தில் வரும் எல்லோருக்கும் அவரே குரல் கொடுத்து வாடிக்கையாளர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். இப்போது புதிது வாங்கிவிட்டார். பழையது பின்கதவோரம் எறியக் காத்திருந்தது. தையல் நாடாவால் மூலைக்கு மூலை அளந்தேன். எங்கள் மெஷினின் திரையும் அதுவும் ஒரே அளவு. கேட்டதும், "கொண்டுபோ, கொண்டுபோ" என்றார். மெஷினின் சத்தத்தை மட்டும் குறைத்துவைக்கச் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் சிநேகிதி தன்னுடைய மின் அளக்கும் மீற்றரையும் குறடையும் ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். என் கணவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"நீர் ரேடியோவுக்குப் பற்றறி போடவே என்னைக் கூப்பிடுறனீர். இதைக் கழட்டப் போறீரோ?"

"வேலையில ஒரு நாளைக்கு எத்தினை போர்ட் செய்யிறன் தெரியுமோ? பேசாமல் அந்தக் கதவைப் பூட்டுங்கோ, ஆக்கள் வந்திடுவினம்."

முதலில் மெஷினின் குழாய். ஒரு திருப்புளியின் தண்டில் கம்பி சுற்றி, கம்பியின் மறுமுனையை இரும்புச் சட்டத்தில் கவ்வவிட்டாள் சிநேகிதி. செருகியைப் பிடுங்கிய பிறகும் குழாய்க்குள் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்சாரம் தங்கி நிற்குமாம். மின்சாரம் நெஞ்சுக்குக் குறுக்கே பாயாமலிருக்க ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மறு கையால் திருப்புளியைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ரப்பர் மூடிக்குக் கீழே மெல்ல நுழைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மூடியைக் கழற்றி, பின்னால் எட்டிப் பார்த்தோம். கட்டைவிரல்போல் மெலிந்த கழுத்து அடியோடு முறிந்திருந்தது. உள்ளே வெள்ளிபோல் மின்னவேண்டிய இடம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

"செத்தது ஒண்டும் செய்யாதுகா. உசிரோட இருக்கிறதுக்குத்தான் பயப்பிடணும்" என்று சொல்லி, சலூன் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பினாள். "இது உன்ட முறை."

படம் வருகிறதா என்று பார்க்கச் சற்றுமுன்தான் அதைப் போட்டு நிறுத்தியிருந்தோம். நான் என் வின்ரர் ஜக்கெற்றைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டி, தொழிற்சாலைக் கண்ணாடியை மாட்டி, இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்தேன். திருப்புளி மூடிக்குக் கீழே போனதுதான் தெரியும். 'டப்!' நீலமாக ஒரு பொறி. என் கணவர் கவுண்டருக்குப் பின்னால் பாய்ந்துவிட்டார்.  எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியாத சிரிப்பு. அவளும் சிரித்தாள். "மறுகா ஒரு தரம் தொடு, மிச்சம் கிடக்கும்" என்றாள். தொட்டேன். சத்தமில்லை.

குழாயின் கழுத்தில் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். படத்தைத் திரை முழுக்க விரித்துக் காட்டுவது அதுதான். மெஷினின் சுருளை எடுத்துப் புதுக் குழாய்க்குப் போடலாம் என்றேன். அவள் சம்மதிக்கவில்லை.

"இதுல பசை வச்சி ஒட்டிருக்கு பாரு. அசைச்சா மூணு நிறமும் மூணு பக்கம் போயிரும். இத இப்பிடியே வச்சி வயரை மட்டும் மாத்துவம்."

மீற்றரால் இரண்டு சுருள்களையும் அளந்தாள். எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. "சரிவரும் போலதான் கிடக்கு" என்றாள். 'போல' என்ற சொல்லை நாங்கள் இரண்டு பேரும் காதில் வாங்காததுமாதிரி இருந்தோம். நான் மெஷினின் பழைய சுருளில் இருந்த செருகியைக் கம்பிகளோடு வெட்டியெடுத்து, அதன் நான்கு கம்பிகளையும் புதுச் சுருளில் பற்றவைத்தேன்.  அது எனக்குத் தெரிந்த வேலை.

செத்த குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, சலூன் தொலைக்காட்சியின் குழாயை மூன்று பேரும் சேர்ந்து தூக்கினோம். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் முகத்தைத் தாங்கிச் சட்டத்தில் இறக்கினோம். அதன் மூலைகளில் இருந்த நான்கு காதுகளும் நான்கு ஆணிகளில் வந்து உட்கார்ந்தன. கடைசியாக, கழுத்தின் முனையில் மாட்டும் சின்னப் போர்ட். ஊசிகளும் துளைகளும் பொருந்தாவிட்டால் இவ்வளவும் வீண். அவள் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள். சறுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"போடுங்கோ!" என்று கத்தினேன்.

கணவர் செருகினார். கழுத்துக்குள் சின்னதாய் ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் பிறந்தது. திரையில் 'சர்ர்' என்றது. கிட்ட நின்ற எனக்குக் கைமயிர் எழும்பியது. பிறகு மெதுவாக ஒரு நீலம், ஒரு சிவப்பு, மஞ்சள் எழுத்துகள். படம்! படம் வந்துவிட்டது! நானும் அவளும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். என் கணவர் கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய்ச் சலூன் பெண்ணைக் கூட்டிவந்தார். வெளியே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளும் அவரோடு உள்ளே புகுந்தார்கள்.

சலூன் பெண் தலையைச் சரித்துப் பார்த்தார். அவர்கள் ஏன் கூரையில் நிற்கிறார்கள் என்று கேட்டார்.

அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தோம். குளத்துத் தண்ணீரில் தெரிவதுபோல் எல்லாமே கவிழ்ந்திருந்தன. தரை மேலே, வானம் கீழே. இரண்டு சண்டைக்காரர்கள் வௌவால்போலத் தொங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் உதைத்தார்கள். பாய்ந்தவன் கீழ்நோக்கிப் போய்த் திரும்ப மேலே வந்து 'விழுந்தான்'.

"வயர் ரெண்டு மாறிப்போச்சுகா" என்று அவள் தலையில் கைவைத்தாள். "நிப்பாட்டுங்க அண்ணன், பத்து நிமிசத்தில மாத்திரலாம்."

"நோ! டோன்ற் ஃபிக்ஸ் இற்!"

திருத்தவேண்டாம் என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் மெஷினுக்கும் எங்களுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார்கள். ஒருத்தி ஏற்கெனவே காசைப் போட்டுவிட்டாள். குனிந்து, தலையைக் கால்களுக்கிடையே விட்டுப் பார்த்துக்கொண்டு ஒருவன் விளையாட, அவனுக்காக இன்னொருவன் பொத்தானை அமத்தினான். தாய்மார் வந்தார்கள். ஒரு அன்ரி, "என்ன பிள்ளை, உப்பிடித்தான் இதை விளையாடுறதோ?" என்று என்னிடம் கேட்டார். சலூன் பெண் திரைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு சண்டைக்காரர்களுக்கும் குரல் கொடுக்கத் தொடங்கினார். ஒருவன் தலைசுற்றுகிறது என்று புலம்பினான், மற்றவன் தன் காற்சட்டைப் பையிலிருந்த சில்லறையெல்லாம் விழுந்துவிட்டது என்று அழுதான். கடை முழுக்கச் சிரித்தது. அன்றைக்குப் பின்னேரம்வரை யாரும் ஒரு பெட்டிக் கோபுரம் கட்டவில்லை.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு மெஷினை நிறுத்தி, திரும்பவும் திருப்புளியால் தொட்டுப் பார்த்து, இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்தேன். இந்த முறை எல்லோரும் காலில் நின்றார்கள். எழுத்துகள் கூர்மையாக, நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் இருந்தன. என் கணவர் காசு போட்டு எங்கள் இரண்டு பேரையும் விளையாடச் சொன்னார். நான் எந்தப் பொத்தான் எதற்கு என்று கண்டுபிடிப்பதற்குள் அவள் என்னை அடித்து விழுத்திவிட்டாள்.

அவளைப் பஸ் தரிப்பிடம்வரை கூட்டிப்போனேன். பனி தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் வாய் ஓயவில்லை. அந்த 'டப்'பையும், என் கணவர் கவுண்டருக்குப் பின்னால் பாய்ந்ததையும், ஊசிகள் சறுக்கிக்கொண்டு உள்ளே போனதையும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டு நின்றோம். பஸ் வந்து கதவைத் திறந்தது. "நீங்க போங்க" என்று சாரதிக்குத் தமிழிலேயே கைகாட்டிவிட்டு, அவள் என் பக்கம் திரும்பினாள்.

"முதல்ல அந்தக் கழுத்துக்குள்ள வெளிச்சம் வந்திச்சே கா, அப்ப நீ என்ன நினைச்ச? சொல்லு."

நான் சொல்லத் தொடங்கினேன்.