மொட்டைத் தலைக்கு ஒரு தொப்பி

திருப்பதியில் மொட்டை போட்டு நான்கு நாள்தான் ஆகிறது. செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரத்துக்கு நடந்தே வருவதாக நண்பர்களிடம் சவால் விட்டுவிட்டேன். ஐப்பசி மாதம். கொஞ்ச நேரம் வெயில் மண்டையைப் பொசுக்குகிறது, உடனே மழை கொட்டுகிறது. கடைத்தெருவில் காதர் பாயின் தொப்பிக் கடைக்குள் நுழைகிறேன்.

பாய் முதலில் வெள்ளைக்காரத் துரைகள் போடுகிற நெட்டித் தொப்பியை என் தலையில் வைக்கிறார்.

"இது வெயிலுக்கு சார். மழை பட்டா ஊறிப்பூடும்."

அதனால் அதன்மேல் ஒரு பனையோலைத் தொப்பியைக் கவிழ்க்கிறார்.

"கடலாண்ட காத்து ஜாஸ்தியா கீது. பறந்துடும்."

ஆகவே இரண்டையும் சேர்த்து மப்ளரால் என் தாடையோடு இறுக்கிக் கட்டுகிறார். கண்ணாடியில் பார்த்தால், பல்வலிக்காரன் ஒருவன் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறான். வாயைத் திறக்க முடியவில்லை. ஓலைத் தொப்பியின் அகலத்தால் வாசலையும் தாண்ட முடியவில்லை.

மழை பிடித்துக்கொள்கிறது. சாப்பாட்டுக்குக் கிளம்பிய பாய், மூலையில் கிடந்த கோணிப்பையை மடித்துத் தன் தலையில் மாட்டிக்கொள்கிறார்.

மப்ளரை அவிழ்த்துவிட்டு, "பாய், எனக்கு அது போதும்" என்கிறேன்.

"இது விக்கிறதுக்கு இல்ல சார். நான் வூட்டுக்குப் போவ வாணாமா?"

நான் கெஞ்சி, அவர் மனமிரங்கிக் கோணியைக் கொடுப்பதற்குள் வெயில் அடிக்கிறது. பாய் நெட்டித் தொப்பியை மாட்டிக்கொண்டு முன்னே நடக்கிறார். தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரர் தொப்பியைப் பார்த்ததும் விறைத்து நின்று சல்யூட் அடிக்கிறார். பின்னால் வரும் என்னைப் பார்த்து, "ஏய் கோணி, தொரை போறாரு இல்ல? ஓரமா போ!" என்கிறார்.